எங்கேயும் போய்ச் சேராத டியூப்

ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜின் பக்கம் குனிந்து பாருங்கள். பெட்ரோல் டேங்கிலிருந்து ஒரு டியூப் இறங்கி வந்து கார்புரேட்டரில் சேரும். ஆக்சிலேட்டர் கேபிள் மேலிருந்து வந்து அதே கார்புரேட்டரின் தலையில் நுழையும். பின்னால் ஏர் ஃபில்டர், முன்னால் இன்ஜின். ஒவ்வொன்றும் எங்கிருந்தோ வந்து எதிலோ சேர்கிறது. நடுவில் பென்சில் பருமனில் ஒரு ரப்பர் டியூப் மட்டும் கார்புரேட்டரின் பக்கவாட்டில் தொடங்கிக் கீழே தொங்கும். அதன் மறுமுனை எதிலும் சேராது.

தென்காசியில் ஒரு பட்டறை. அப்பாவோடு வந்திருந்த ஒரு சிறுமி அங்கே நின்ற பழைய புல்லட்டில் இந்த டியூப்பைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இதை எங்கயோ மாட்ட மறந்துட்டீங்க."

"மறக்கலை தாயி. அது அப்படித்தான் தொங்கணும்."

"உள்ள என்ன ஓடும்? பெட்ரோலா?"

"காத்து."

"காத்து போயி என்ன செய்யும்?"

"பெட்ரோலைத் தள்ளும். அது தள்ளலைன்னா வண்டி ஓடாது."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பெட்ரோலை இன்ஜின் உறிஞ்சுகிறது என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? இவர் காற்று தள்ளுகிறது என்கிறாரே? அண்ணாச்சி சொன்னதுதான் சரி. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் கார்புரேட்டர் முழுவதும் பிடிபட்டுவிடும். பழைய வண்டிக்கு ஆசையாகப் புது ஏர் ஃபில்டர் வாங்கி மாட்டியவர்கள், "மாட்டின நாளிலிருந்து வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று பட்டறைக்கு வருவதற்கான காரணமும் விளங்கிவிடும்.

முதலில் நம்மைச் சுற்றியுள்ள காற்றைப் பார்ப்போம். நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று நிற்கிறது. அதற்கு எடை உண்டு. சுண்டுவிரல் நகம் அளவுள்ள இடத்தை, அதாவது 1 சதுர சென்டிமீட்டரை, அது கிட்டத்தட்ட 1 கிலோ எடையோடு அழுத்துகிறது. மேலிருந்து மட்டுமல்ல, எல்லாப் பக்கமிருந்தும் அழுத்துகிறது. இரண்டு பக்கமும் சமமாக அழுத்துவதால் நமக்கு அது தெரிவதில்லை. ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்தால் போதும், மறுபக்கத்து அழுத்தம் உடனே வேலையைக் காட்டும். ஒரு நீண்ட குழாயிலிருந்து காற்றை முழுவதும் எடுத்துவிட்டு அதன் வாயைத் தண்ணீரில் வைத்தால், வெளிக்காற்று அந்தத் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரத்துக்குத் தள்ளி ஏற்றிவிடும். மூன்று மாடி வீட்டின் உயரம் அது.

வீட்டில் எண்ணெய் டின்னைத் திறக்கும்போது அம்மா ஒரு ஓட்டை போட்டு நிறுத்துவதில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்றும் போடுவார். ஒரே ஓட்டையாக இருந்தால் எண்ணெய் மடக் மடக்கென்று விட்டு விட்டுத்தான் விழும். வெளியே போன எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று எண்ணெயை வெளியே விடாமல் நிறுத்திவிடும். கார்புரேட்டரில் தொங்கும் அந்த டியூப்தான் டின்னின் இரண்டாவது ஓட்டை.

இனி கார்புரேட்டருக்குள்ளே போவோம். அதன் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் அதில் தேங்கும். அதில் ஒரு மிதவை இருக்கிறது. பட்டறையில் 'ஃப்ளோட்' என்பார்கள். பெட்ரோல் ஏறினால் ஃப்ளோட்டும் ஏறி, ஒரு ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். இறங்கினால் வழி திறக்கும். அதனால் கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலே, பெட்ரோல் வெளிவரும் சின்னக் குழாயின் வாய் இருக்கிறது. தானாக அது வழியாது. யாராவது தள்ளினால்தான் வரும்.

அந்தக் குழாயின் வாய் இருக்குமிடத்தில் காற்றுப்பாதை குறுகுகிறது. குறுகினால் என்ன ஆகும் என்பதைத் தென்காசிப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். ஜூன் மாதம் வந்தால் மேற்கே கேரளத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று புறப்பட்டு வருகிறது. நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக நிற்கிறது. செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையில் மலை தாழ்ந்து ஒரு கணவாய் உண்டு. பரந்து வந்த காற்று அந்த இடுக்கில் நுழைந்து வேகமெடுத்துத்தான் தென்காசிப் பக்கம் பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய மூன்று கணவாய்களின் வாயிலும் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். குற்றாலத்துச் சாரலை நம் முகத்தில் தூவுவதும் இதே காற்றுதான்.

குறுகிய இடத்தில் வேகம் கூடுகிறது. வேகம் கூடுமிடத்தில் அழுத்தம் குறைகிறது. இரண்டாவது வாக்கியம்தான் வியப்பானது. டேனியல் பெர்னூலி என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் 1738-ல் வெளியான தம் நூலில் ஓடும் திரவங்களுக்கு இதைக் கணக்கோடு விளக்கினார். 1797-ல் இத்தாலியின் ஜியோவன்னி வெஞ்சுரி, குறுகி விரியும் குழாய்களில் நீர் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்து எழுதினார். கார்புரேட்டரின் குறுகலான தொண்டைக்கு இன்றும் வெஞ்சுரி என்றே பெயர்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று இந்தத் தொண்டை வழியாக விரைகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கிண்ணத்துப் பெட்ரோலின் மேலோ, தொங்கும் டியூப் வழியாக வந்த வெளிக்காற்று முழு அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு. பெட்ரோல் தள்ளப்பட்டுத் தொண்டையில் வந்து தூவானமாகச் சிதறிக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் போகிறது. அண்ணாச்சி சொன்னதும் இதைத்தான்.

எவ்வளவு காற்று என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய 350 புல்லட்டின் இன்ஜின் கொள்ளளவு 346 சி.சி. ஒரு தடவைக்கு அது உள்ளிழுக்கக்கூடிய காற்று கிட்டத்தட்ட மூன்றில் ஒரு லிட்டர். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 25 தடவை இழுக்கும். பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதற்கு வேண்டிய காற்று ஏறக்குறைய 11 கிலோ. காற்று லேசானது என்பதால் அந்த 11 கிலோ 9,000 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு டேங்கர் லாரி நிறையக் காற்று! பெட்ரோல் கூடினால் ஸ்பார்க் பிளக் கரி பிடித்துக் கறுக்கும், புகை வரும். குறைந்தால் இன்ஜின் சூடாகும், பிளக் வெளுக்கும், ஆக்சிலேட்டரைத் திருகினாலும் வண்டி தயங்கும். 14.7 என்ற இந்தக் கணக்கின் அருகிலேயே வண்டியை வைத்திருப்பது பித்தளையில் போட்ட சில துளைகளும் கொஞ்சம் காற்றழுத்தமும்தான். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எனக்குக் கார்புரேட்டர் மீது தீராத வியப்பு இருப்பது இதனால்தான்.

பெட்ரோலைத் தூவித் தரும் இந்த முறை 1890களில் ஐரோப்பாவில் பிறந்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக், ஹங்கேரியில் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் தனித்தனியாக இதை உருவாக்கினார்கள். பூ விற்கும் பெண் ஒருத்தி சின்னக் குழாயில் வாய்வைத்து ஊதிப் பூக்கள்மேல் தண்ணீர் தெளித்ததைப் பார்த்துத்தான் அந்த ஹங்கேரியர்களுக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தத் தெளிப்பானை நீங்களும் செய்யலாம்.

ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் குப்பி வேண்டாம், அது உள்வாங்கிச் சோதனையைக் கெடுத்துவிடும். வாய்க்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை தண்ணீர் நிரப்புங்கள். ஒரு ஸ்ட்ராவை வெட்டி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே 2 சென்டிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி உள்ளே நிறுத்துங்கள். இன்னொரு ஸ்ட்ராவைப் படுக்கையாகப் பிடித்து, அதன் முனையை நிற்கும் ஸ்ட்ராவின் வாயோரத்தில் வைத்துப் பலமாக ஊதுங்கள். தண்ணீர் ஏறி வந்து தூவானமாகத் தெறிக்கும். முதலில் வராவிட்டால் முனையைச் சற்று ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

அடுத்துச் செய்வதுதான் முக்கியம். சப்பாத்தி மாவையோ களிமண்ணையோ உருட்டி, நிற்கும் ஸ்ட்ராவைச் சுற்றிக் குப்பியின் வாயை இறுக அடைத்துவிடுங்கள். திரும்ப ஊதுங்கள். அதே ஸ்ட்ரா, அதே தண்ணீர், அதே மூச்சுதான். ஆனால் தூவானம் வராது. தண்ணீர் ஏற வேண்டுமானால் உள்ளே அடைபட்ட கொஞ்சம் காற்று விரிய வேண்டும். விரிந்தால் அதன் அழுத்தம் குறைந்துவிடும். அப்புறம் தண்ணீரை எது தள்ளும்? இப்போது ஒரு குச்சியால் மாவில் ஒரு துளை போட்டுவிட்டு ஊதுங்கள். தண்ணீர் மறுபடி பீறிடும். அந்தத் துளைதான் தொங்கும் டியூப். இந்தச் சோதனையைத் தண்ணீரில் மட்டும் செய்யுங்கள். பெட்ரோல் பக்கமே போகக் கூடாது. அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் பரவித் தீப்பிடிக்கும். வண்டியில் இருக்கும் டியூப்பில் வாய்வைத்து ஊதவோ உறிஞ்சவோ கூடாது.

பெட்ரோல் டேங்கின் மூடியிலும் இதே மாதிரி ஒரு சின்னத் துளை இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும், வண்டி ஓடும். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் நடுவழியில் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான்.

இனி ஏர் ஃபில்டருக்கு வருவோம். பழைய வண்டிகளில் ஃபில்டரை ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். பார்வைக்கு அழகில்லாத பெட்டி. அதைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவத்தில் பளபளவென்று வெளியே தெரியும் ஃபில்டரைக் கார்புரேட்டர் வாயில் நேராக மாட்டுவது பலருக்குப் பிடிக்கும். கடையில் கோன் ஃபில்டர் என்பார்கள். காற்று தடையில்லாமல் போகும், வண்டி சீறும் என்று வாங்குகிறார்கள். ஆனால் அந்தப் பெட்டி தூசியை மட்டும் தடுத்துக்கொண்டிருக்கவில்லை. இன்ஜின் மூச்சிழுக்கும் சத்தத்தைக் குறைத்தது. மழைநீர் ஃபில்டரில் படாமல் காத்தது. இவற்றோடு கார்புரேட்டருக்கு அசையாத காற்றைக் கொடுத்தது. வெளியே எவ்வளவு காற்றடித்தாலும் பெட்டிக்குள் அமைதி. காற்று டியூப்பின் முனையையும் வடிவமைப்பாளர்கள் யோசித்துத்தான் வைத்தார்கள். சில வண்டிகளில் அது பெட்டியோடேயே சேர்ந்திருக்கும். சிலவற்றில் பெட்டியின் மறைவில் காற்றடிக்காத இடத்தில் முடியும். கார்புரேட்டரின் வாயும் கிண்ணமும் ஒரே அமைதியான இடத்துக் காற்றைப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். அப்போதுதான் இரண்டுக்கும் நடுவே உள்ள அழுத்த வித்தியாசம் இன்ஜின் இழுக்கும் வேகத்தை மட்டும் பொறுத்திருக்கும்.

பெட்டியைக் கழற்றியதும் அந்த மறைவு போய்விடுகிறது. டியூப்பின் முனை வெட்டவெளியில் காற்றில் நிற்கிறது.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். 9 நிலைகளோடு ஓங்கி நிற்கும் ராஜகோபுரம். சாரல் காலத்தில் அதன் வாசலுக்குள் நுழைந்தால் காற்று ஆளைத் தள்ளும். வேட்டி படபடக்கும், தாவணி பறக்கும். சில அடி தள்ளி நின்றால் அவ்வளவு இல்லை. மலைப்பக்கமிருந்து வரும் காற்று உயரமான கோபுரத்தில் மோதுகிறது. மோதும் பக்கத்தில் காற்று நெருக்குண்டு அழுத்தம் கொஞ்சம் கூடுகிறது. மறுபக்கம், மறைவில், கொஞ்சம் குறைகிறது. இரண்டு பக்கத்தையும் இணைக்கும் வழி கோபுர வாசல் ஒன்றுதான். அதனால் காற்று அதன் வழியே பீறிட்டுப் பாய்கிறது. காற்று எதன்மேல் மோதினாலும் இதே கதைதான்: எதிர்கொள்ளும் பக்கத்தில் அழுத்தம் கூடும், ஓரத்திலும் மறைவிலும் குறையும்.

டியூப்பின் முனைக்கும் இது நடக்கிறது. முனை காற்றை நேராகப் பார்த்தால் கிண்ணத்துக்குள் அழுத்தம் ஏறும். பெட்ரோல் அதிகமாகத் தள்ளப்படும். காற்று முனையை உரசிக்கொண்டு குறுக்கே ஓடினால், நீங்கள் ஸ்ட்ரா வாயில் ஊதியதுபோல, கிண்ணத்திலிருந்து காற்று வெளியே இழுக்கப்படும். அழுத்தம் இறங்கும், பெட்ரோல் குறையும்.

எவ்வளவு இறங்கும்? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சுமார் 12 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் எடைக்குச் சமம். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. அதனால் பெட்ரோல் கணக்கில் 16 மில்லிமீட்டர். அற்பமாகத் தெரிகிறதா? கார்புரேட்டரைப் பிரிக்கும் மெக்கானிக் ஃப்ளோட்டின் உயரத்தை அளந்து 1 மில்லிமீட்டர் பிசகினாலும் அதன் நாக்கை வளைத்துச் சரிசெய்கிறார். அவ்வளவு கவனமாக வைத்த மட்டத்தை ஒரு காற்று 16 மில்லிமீட்டர் ஏற்றி இறக்கிய மாதிரி ஆக்கிவிடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி, 30 கிலோமீட்டரில் வரும் எதிர்காற்றுக்குள் நுழைந்தால் கார்புரேட்டர் சந்திப்பது 90 கிலோமீட்டர் காற்று. பெட்ரோல் கணக்கில் அது 50 மில்லிமீட்டரைத் தாண்டும். அரை ஆக்சிலேட்டரில் மெதுவாகப் போகும்போது தொண்டையில் ஏற்படும் அழுத்தக் குறைவே மிகச் சிறியதுதான். அந்த நேரத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தால் இன்ஜின் தடுமாறும்.

ஆகவே ஜூலை மாதத்தில் தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு எதிர்காற்றில் போகும்போது விட்டு விட்டு இழுக்கும் வண்டி, திரும்பி வரும்போது, காற்று முதுகுப்பக்கம் இருக்கையில், ஒரு குறையும் இல்லாமல் ஓடக்கூடும். மெக்கானிக் பட்டறைக்குள் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் வண்டி மணி மாதிரி ஓடும். பட்டறைக்குள் காற்று இல்லையே! பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளையான ஜெட்டை மாற்றுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள், காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திருகிப் பார்ப்பார்கள். குற்றவாளியோ டியூப்பின் நுனியில் இருக்கிறது. ஃபில்டர் மாற்றினால் காற்று கூடுதலாக வரும், அதற்கேற்ப ஜெட்டையும் மாற்ற வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் டியூப்பின் முனை சரியில்லாமல் எந்த ஜெட்டைப் போட்டாலும் ஒரு திசைக்குச் சரியாக இருப்பது இன்னொரு திசைக்குச் சரியாக இராது.

சாரல் காலத்துக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. ஐந்தருவிச் சாலையிலோ பழைய குற்றாலம் போகும் வழியிலோ நல்ல மழை நாளில் தண்ணீர் சாலையைக் கடந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி மெதுவாக அதில் இறங்குகிறது. சைலன்சருக்குள் தண்ணீர் போகவில்லை, பிளக் நனையவில்லை. ஆனாலும் இன்ஜின் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. கீழே தொங்கிய டியூப்பின் நுனி தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. நீங்கள் மாவு வைத்து அடைத்த குப்பிதான் இப்போது கார்புரேட்டர். காட்டாறுகளைக் கடந்து போகும் மோட்டார் சைக்கிள் பயணக்காரர்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். டியூப்பின் நடுவே 'டி' எழுத்து வடிவத்தில் ஒரு சின்ன இணைப்பைச் சொருகி, அதிலிருந்து ஒரு கிளையை மேலே டேங்குக்கு அடியில் கொண்டுபோய் விடுவார்கள். கீழ்முனை மூழ்கினாலும் மேல்முனை வழியாகக் காற்று வரும்.

மூழ்க வேண்டும் என்றுகூட இல்லை. சாரலில் ஒரு துளி நீர் டியூப்பின் நுனியில் ஒட்டிக்கொண்டாலும் கொஞ்ச நேரம் மூடிபோல நிற்கும். வாழையிலை நுனியில் துளி விழாமல் தொங்குகிறதே, அந்தப் பரப்பு இழுவிசைதான் இங்கேயும் அதைப் பிடித்துக்கொள்கிறது. டியூப்பின் நுனியை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டும் வழக்கம் இதற்காகத்தான். சாய்ந்த வாயில் துளி நிலைப்பது கடினம். வெளியே தெரியும் கோன் ஃபில்டரும் சாரலில் நனையும். நனைந்த ஃபில்டரின் துளைகளில் நீர் தங்கிக் காற்றை மறிக்கும். குற்றாலம் போகிற வண்டிக்குப் பெட்டிக்குள் இருக்கும் பழைய ஃபில்டர்தான் நல்லது என்பது என் கட்சி.

கோன் ஃபில்டரால் வரும் இன்னொரு சிக்கல் கண்ணுக்கு எளிதில் படாது. கார்புரேட்டரின் வாய் விளிம்பை உற்றுப் பார்த்தால், குண்டூசித் தலை அளவில் ஒன்றிரண்டு துளைகள் தெரியும். அவை வெறும் ஓட்டைகள் அல்ல. பெட்ரோலோடு முன்கூட்டியே கொஞ்சம் காற்றைக் கலக்கும் பாதைகள் அங்கேதான் தொடங்குகின்றன. வாக்குவம் கார்புரேட்டர் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடைக் கேபிள் தூக்காது. ஒரு ரப்பர் டயஃப்ரம்மின் அடியில் வரும் காற்றுதான் அதை மேலே தள்ளும். அந்தக் காற்றும் பல வண்டிகளில் வாய் விளிம்பின் துளை வழியாகத்தான் வருகிறது. புது ஃபில்டரின் ரப்பர் கழுத்து தடிமனாக இருந்து, அதன் உட்புற உதடு இந்தத் துளையை மூடிவிட்டால் ஸ்லைடு மேலே எழும்பாது. ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினாலும் வண்டி நொண்டும். பழுது பார்ப்பதும் எளிது: ரப்பர் உதட்டில் அந்த இடத்தை மட்டும் பிளேடால் நறுக்கிவிட்டால் போதும். ஆனால் அங்கே துளை இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ். 6 புகை விதிகள் வந்த பிறகு, பெரும்பாலான புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு மின்சாரப் பம்ப் பெட்ரோலை வெளிக்காற்றைப்போலப் பல மடங்கு அழுத்தத்தில் தள்ளுவதால், செங்கோட்டைக் காற்று அதை அசைக்க முடியாது. ஆனால் தாத்தா வாங்கிய புல்லட், மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி, 1985-ல் வந்த ஆர்.எக்ஸ். 100 இவையெல்லாம் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன. 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பழைய வடிவத்திலேயே வைத்திருக்கும் வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவெண் வரிசையே கொண்டுவந்தது. கழற்றிய ஃபில்டர் பெட்டியைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு வண்டி இருந்தால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு அந்த டியூப்பைத் தேடிப் பாருங்கள். கிண்ணத்தின் அடியிலிருந்து கிளம்புவது மிஞ்சிய பெட்ரோல் வழியும் ஓவர்ஃப்ளோ டியூப். அது வேறு. நாம் தேடுவது அதைவிட மேலே, கார்புரேட்டர் உடம்பின் பக்கவாட்டிலிருந்து வரும். சில வண்டிகளில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். சிலவற்றில் டியூப்பே இருக்காது, உடம்பில் ஒரு துளை மட்டும் இருக்கும். டியூப் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா, கேபிளுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறதா, அதன் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது, காற்று நேராக அடிக்கும் இடமா, சீட்டுக்கு அடியில் மறைவான இடமா என்று பாருங்கள்.

வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றிருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மண்குளவிக்கு இப்படிப்பட்ட இருட்டுக் குழாய் என்றால் கொள்ளை ஆசை. ஈரமண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டி, வாயைப் பூசி அடைத்துவிட்டுப் போய்விடும். வண்டிக்காரர் கார்புரேட்டரை எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் அந்த மண் உள்ளே இருக்கும் வரை வண்டி சரியாக ஓடாது. அப்படி மண் தெரிந்தால் நீங்கள் குச்சி விட்டுக் குத்த வேண்டாம், மண் உள்பக்கம் போய்விடும். டியூப்பைக் கார்புரேட்டரிலிருந்து உருவி எடுத்துத் தனியாகச் சுத்தம் செய்துவிட்டு, பிறகு மாட்டச் சொல்லுங்கள்.

அண்ணாச்சியிடம் கேள்வி கேட்ட அந்தச் சிறுமிக்கு அன்று இன்னொரு கேள்வியும் இருந்தது. "ரெண்டு பக்கமும் டியூப் இருந்தா, ஒண்ணு அடைச்சாலும் வண்டி ஓடுமா அண்ணாச்சி?" அவர் அந்தப் புல்லட்டின் இரண்டு டியூப்களில் ஒன்றின் நுனியை விரலால் மூடிக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஓடியது. பிறகு இரண்டையும் மூடினார். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் மெலிந்து, தடுமாறி, நின்றது. அவர் விரலை எடுக்க, அவளே கிக்கரை மிதிப்பேன் என்று அடம்பிடித்தாள். புல்லட்டின் கிக்கர் அவள் எடைக்கு அசையவில்லை. அப்பாதான் மிதித்தார்.